அம்பாசிடர் கதவுக்குப் புது லாக்: மூடாதது, திறக்காதது, ஓட்டத்தில் திறந்துகொள்வது

"புது லாக் மாட்டினேன், பழசை விட மோசமாக இருக்கிறது." அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. அடுத்த வரி பெரும்பாலும் "டூப்ளிகேட் சாமான், அதான்" என்று முடியும். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் லாக் பாவம், பழியை மட்டும் சுமக்கிறது.

மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில். இன்று ஓடுகிற மிக இளைய வண்டிக்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. மார்க் 2 என்ற பழைய மாடல் என்றால் அரை நூற்றாண்டு தாண்டிய வண்டி. அதில் லாக் மட்டும்தான் புதுசு. அது உட்காரும் கதவு, கதவைத் தாங்கும் கீல், எதிரே பில்லரில், அதாவது கதவுத் தூணில், லாக் கடித்துப் பிடிக்கும் ஸ்ட்ரைக்கர், கைப்பிடியிலிருந்து வரும் கம்பி எல்லாமே பழசு. கழற்றிப் போட்ட பழைய லாக் வருஷக்கணக்கில் தேய்ந்து, தொங்கிப்போன கதவுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. புதுசு அளவாக இருப்பதால்தான் தகராறு செய்கிறது. அதனால் கோளாறு லாக்கிலா, லாக்கைச் சுற்றியா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அரத்தை எடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

இங்கே பேசுவது நான்கு கதவுகளைப் பற்றி மட்டும். பானெட்டும் டிக்கியும் வேறு கதை.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

பழைய லாக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போட்டோ போதாது. வலது கதவு லாக்கும் இடது கதவு லாக்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் மாதிரி, மாற்றிப் போட முடியாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் கம்பி மாட்டும் இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும். இத்தனை வருஷ உற்பத்தியில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, கிராண்ட் என்று வண்டி மாற மாற உள் சாமான்களும் மாறியிருக்கின்றன. "அம்பாசிடர் லாக் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதையாவது ஒன்றைத்தான் கொடுப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கவுண்டரிலேயே இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ துளைகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். கம்பி மாட்டும் நெம்புகள் ஒரே பக்கம், ஒரே நீளம், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். அடுத்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, லாக்கின் நாக்கை மூடுகிற திசையில் தள்ளுங்கள். நாக்கோ சுழலும் சக்கரமோ, உங்கள் வண்டியில் எது இருந்தாலும் இரண்டு முறை 'டக்' என்று கடிக்க வேண்டும். முதல் கடி பாதுகாப்புக்கு, இரண்டாவதுதான் முழுசாக மூடிய நிலை. திறக்கும் நெம்பை அழுத்தினால் நாக்கு தயங்காமல் துள்ளித் திரும்ப வேண்டும். இருபது முறையாவது செய்து பாருங்கள். ஒருமுறை தயங்கினாலும் அந்தப் பீஸ் வேண்டாம், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய பழைய ஒரிஜினல் கிடைத்தால் அதையா, புது டூப்ளிகேட்டையா வாங்குவது என்று கேட்பார்கள். நாக்கு ஓரம் மழுங்காமல், ரிவிட் ஆடாமல் இருந்தால் என் ஓட்டு பழைய ஒரிஜினலுக்குத்தான். அதில் தகடு கனமாக இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். டூப்ளிகேட்டில் தகடு மெலிதாக இருப்பதும், ரிவிட் ஓரமாக லேசாக ஆடுவதும் சகஜம். ரிவிட்டை விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வண்டியின் மூலம் பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பழைய வண்டிகளில் மரை அங்குல அளவில்தான் இருக்கும். கால் அங்குல மரை உள்ள துளையில் 6 எம்எம் ஸ்க்ரூவைப் போட்டால் அது உள்ளே போகும், இறுகுவது போலவும் காட்டும். நாலு முறை கதவை அறைந்தால் மரையைத் தின்றுகொண்டு வெளியே வந்துவிடும். நீளமும் முக்கியம். கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ உள்ளே லாக்கின் நெம்பில் முட்டும், அல்லது கண்ணாடி இறங்கும் சேனலில் முட்டும். அப்புறம் "கண்ணாடி ஏன் பாதியில் நிற்கிறது" என்று வேறு தேடல் ஆரம்பிக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்: திறந்த கதவில் ஒரு சோதனை

லாக்கை மாட்டி, கம்பிகளை இணைத்ததும் கதவை மூடாதீர்கள். ஆசையாக இருக்கும், ஆனாலும் மூடாதீர்கள்.

கதவு அகலத் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைத் தள்ளி இரண்டு கடியும் கடிக்க வையுங்கள். கதவு மூடிவிட்டதாக லாக் இப்போது நினைத்துக்கொள்ளும். வெளிப் பட்டனை அழுத்துங்கள்: திறக்க வேண்டும். மறுபடி கடிக்க வைத்து உள் கைப்பிடியை இழுங்கள்: திறக்க வேண்டும். மறுபடி கடிக்க வைத்து, பூட்டி, பட்டனை அழுத்துங்கள்: திறக்கக் கூடாது. சாவியால் விடுவித்தபின் திறக்க வேண்டும்.

இந்தச் சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். திறந்த கதவில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்து, மூடிய கதவில் மட்டும் தகராறு வந்தால் லாக்கில் குற்றமில்லை. கோளாறு ஸ்ட்ரைக்கரிலோ, கீலிலோ, கதவு வாசலைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பரிலோ இருக்கிறது. திறந்த கதவிலேயே தகராறு என்றால் லாக்கையோ கம்பியையோ கைப்பிடியையோ பாருங்கள், ஸ்ட்ரைக்கர் பக்கமே போகாதீர்கள். இதைச் செய்யாமல் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்துபவர்கள் ஒரு கோளாறை இரண்டாக்கிக்கொள்கிறார்கள்.

சோதனையில் தேறிய பிறகும், முதன்முறை மூடும்போது கண்ணாடியை முழுக்க இறக்கி வையுங்கள். கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடை மாட்ட வேண்டாம். எதிர்ப்பக்கக் கதவு பூட்டாமல் இருக்கட்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் கை நுழைக்க ஒரு வழி வேண்டும்.

கதவு மூடவே மாட்டேன் என்று திரும்பி வருகிறது

முதலில் நாக்கைப் பாருங்கள். சோதனை செய்தபின் விடுவிக்க மறந்து, நாக்கு மூடிய நிலையிலேயே நிற்கலாம். அப்படியே கதவை அறைந்தால் நாக்கு நேராக ஸ்ட்ரைக்கரில் மோதும், இரண்டில் ஒன்று வளையும். பட்டனை அழுத்தி விடுவித்தால் வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் ஸ்க்ரூ தலைகளைத் தடவிப் பாருங்கள். லாக் முகத்து ஸ்க்ரூக்கள் குழிவில் அமுங்கி, தகட்டோடு சமமாக இருக்க வேண்டும். தலை துருத்திக்கொண்டிருந்தால் ஸ்ட்ரைக்கரில் இடிக்கும். கதவு ஓரத்தில் தகடு உள்வாங்கியிருந்தாலும், குழிவு இல்லாத ஸ்க்ரூ போட்டிருந்தாலும் இது நடக்கும்.

அடுத்தது பீடிங் ரப்பர். லாக் மாற்றும்போதே "அதையும் புதுசாக்கிவிடுவோம்" என்று பீடிங்கையும் மாற்றுவது நம் ஊர் வழக்கம். இன்று விற்கும் பீடிங் சிலது ஒரிஜினலை விடத் தடி, கெட்டியும் அதிகம். சோதனை எளிது: அந்தக் கதவுக்கான பீடிங்கை மட்டும் உருவிவிட்டு மூடுங்கள். மூடினால் காரணம் ரப்பர்தான். இதற்காக ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளினால் ரப்பர் படிந்த பிறகு கதவு கடகடக்கும். மெலிந்த பீடிங் வாங்குங்கள், அல்லது வெயிலில் வண்டியை நிறுத்திக் கதவை மூடி வைத்து, ரப்பர் அமுங்க ஒரு வாரம் பொறுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால்தான் ஸ்ட்ரைக்கர்.

ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறது, அல்லது முதல் கடியோடு நிற்கிறது

ஸ்ட்ரைக்கரைத் தளர்த்துவதற்கு முன் அதைச் சுற்றிக் கூர்மையான பென்சிலால் கோடு போடுங்கள். தொலைந்துபோனால் திரும்பி வர வீடு அதுதான். ஸ்க்ரூ பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு அசையாது. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், பிறகு சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்து மல்லுக்கட்டினால் தலை மழுங்கும், அப்புறம் டிரில்தான்.

எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நேரத்தில் முழுசாகக் கழற்றாதீர்கள். பில்லருக்கு உள்ளே அவை பிடித்திருப்பது ஒரு தனித் தகடாக இருக்கலாம். ஸ்ட்ரைக்கரை நகர்த்த வசதியாக அது மிதந்துகொண்டிருக்கும். எல்லா ஸ்க்ரூவும் வெளியே வந்தால் அது பில்லருக்குள் விழுந்துவிடும். காந்தத்தை நூலில் கட்டி மீன் பிடிக்கிற வேலை யாருக்கும் வேண்டாம்.

லேசாக அசையும் அளவுக்குத் தளர்த்தி, ஸ்ட்ரைக்கரை வெளிப்பக்கமாக ஒரு எம்எம் நகர்த்துங்கள். ஒரு எம்எம் என்றால் ஒரு எம்எம்தான். இறுக்குங்கள், மூடுங்கள், பாருங்கள். இரண்டு கடியும் கேட்க வேண்டும், கதவு பக்கத்துக் கதவோடு சம மட்டத்தில் நிற்க வேண்டும். வெளியே அதிகம் தள்ளினால் லேசாக மூடும், ஆனால் கதவு துருத்திக்கொண்டு நிற்கும், காற்றுச் சத்தமும் மழைத் தண்ணீரும் உள்ளே வரும்.

நகர்த்தும்போது ஸ்ட்ரைக்கர் சாய்ந்துவிடாமல் பாருங்கள். மூடும் பாதைக்கு நேராக அது நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நாக்கு உள்ளே நுழையும்போது சரியாகப் போய்க் கடைசியில் இறுகிப் பிடிக்கும். எங்கே உரசுகிறது என்று தெரியவில்லை என்றால் ஸ்ட்ரைக்கர் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து மெதுவாக மூடித் திறங்கள். வெள்ளை அழிந்த இடம் உரசும் இடம். அழிவு நடுவில், இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

சிலபோது உள்ளே, வெளியே, மேலே, கீழே எப்படி வைத்தாலும் நாக்கு ஸ்ட்ரைக்கரை ஆழமாகப் பிடிக்காது. கதவு ஓரத்துக்கும் பில்லருக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். ஸ்ட்ரைக்கருக்கு அடியில் மெல்லிய தகடு பேக்கிங் கொடுங்கள். பழைய வண்டியில் ஏற்கெனவே பேக்கிங் இருந்து, கழற்றும்போது கீழே விழுந்து காணாமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. தரையைத் தேடிப் பாருங்கள்.

மூடும்போது கதவு மேலே ஏறுகிறது, திறந்தால் கீழே இறங்குகிறது

இந்த அறிகுறியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

கதவைப் பாதி திறந்து, ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். கண் கீலின் மேல் இருக்கட்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் லாக்கை மறந்துவிடுங்கள். டிரைவர் கதவில் இது கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம், டாக்ஸியாக ஓடிய வண்டியென்றால் சந்தேகமே வேண்டாம். இறங்கும்போதெல்லாம் கதவின் மேல் கையூன்றி எழுந்திருக்கும் வழக்கம் எத்தனை கீலைக் கொன்றிருக்கிறது!

தொங்கும் கதவுக்குச் சுலபமான வழி என்று ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்குவார்கள். அன்றைக்கு அழகாக மூடும். ஆனால் கதவு தொங்குவது நிற்கவில்லையே! இன்னும் கொஞ்ச நாளில் மறுபடி இடிக்கும், மறுபடி இறக்குவார்கள். கடைசியில் துளை முடிந்துவிடும், அரத்தால் துளையைப் பெருக்குவார்கள். ஸ்ட்ரைக்கர் மேலே கீழே நகர்வது கடைசி ஒரு எம்எம்முக்கு மட்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கீல் வேலைதான்.

ஆட்டம் எங்கே என்று பிரிக்க வேண்டும். முதலாவது, கீலின் அச்சாணியான 'பின்' தேய்ந்து, அந்தப் பின்னுக்கும் துளைக்கும் நடுவே ஆடலாம். பின்னைத் தட்டி எடுத்து, துளையைச் சீராக்கி, கொஞ்சம் தடித்த பின்னை லேத்தில் கடைந்து போட்டால் கதவு பழையபடி நிற்கும். செலவு குறைவு, பலன் அதிகம். இந்த வண்டியில் நான் முதலில் செய்யச் சொல்லும் வேலை இதுதான். இரண்டாவது, கீல் உறுதியாக இருந்தும் அதைப் பில்லரில் பிடித்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். கதவுக்கு அடியில் ஜாக் வைத்து, நடுவில் மரக்கட்டையும் துணியும் கொடுத்து, எடையைத் தாங்கிக்கொண்டு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். மூன்றாவது, கீல், ஸ்க்ரூ இரண்டும் சரி, பில்லர் தகடே விரிந்திருக்கிறது அல்லது துரு தின்றிருக்கிறது. தூக்கும்போது கீலோடு சேர்ந்து பில்லர் தகடும் மூச்சு விடுவதுபோல் அசையும். இது தகடு தட்டிச் சரிசெய்யும் டிங்கரிங் வேலை, வெல்டிங் இல்லாமல் தீராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்பாசிடருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பாடிப் பகுதி துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும், கதவு இடைவெளி மாறும். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. காலி வண்டியில் கதவு நன்றாக மூடி, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்ததும் இடிக்கிறதா? வண்டியை ஜாக்கில் தூக்கியதும் கதவு திறக்கச் சிரமப்படுகிறதா? ஆமாம் என்றால் புது லாக், புது கீல், புது ஸ்ட்ரைக்கர் எதுவும் உதவாது. வண்டியை நல்ல டிங்கரிடம் காட்டி, சில்லின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புட்டி அடித்து மறைத்த சில் மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

வெளிப் பட்டன் அழுத்தினால் திறக்கவில்லை

திறந்த கதவில், நாக்கைக் கடிக்க வைத்துவிட்டுப் பட்டனை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டனின் உள்முனை லாக்கின் நெம்பைத் தொடுகிறதா? தொட்டும் போதுமான தூரம் தள்ளவில்லையா?

தொடவே இல்லை என்றால் நெம்பின் இடம் மாறியிருக்கிறது, லாக் தவறான பக்கத்துக்கு உரியதாகவும் இருக்கலாம். தொட்டுப் போதவில்லை என்றால் கைப்பிடியைப் பாருங்கள். கைப்பிடிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் பேட் இருக்கும். புது பேட் தடியாக இருந்தால் பட்டன் அந்த அளவுக்கு வெளியே நகர்ந்துவிடும். பட்டன் முனையில் சரிசெய்யும் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தால் வேலை சுலபம்: நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வெளியே கொண்டுவந்து, நட்டை இறுக்குங்கள்.

ஆனால் எல்லை உண்டு. பட்டனைத் தொடாமல் விட்டால் அதன் முனைக்கும் நெம்புக்கும் நடுவே சுமார் ஒரு எம்எம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் அடுத்த அறிகுறி வரும். அது ஆபத்தானது.

ஓட்டத்தில் கதவு திறந்துகொள்கிறது

வண்டியை எடுக்காதீர்கள். "கயிறு கட்டிக்கொண்டு போய்விடலாம்" என்ற யோசனையும் வேண்டாம். பின்சீட்டில் குழந்தைகள் உட்காரும் வண்டி என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்று காரணங்களைப் பாருங்கள். பட்டனில் நான் சொன்ன இடைவெளி இல்லை, அதனால் நெம்பு எப்போதும் பாதி அழுத்தப்பட்டே இருக்கிறது. பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும், மீதிப் பாதியும் அழுந்திவிடும். அடுத்தது, உள் கைப்பிடிக் கம்பி இறுக்கமாக இருந்து அதே வேலையைச் செய்கிறது. கம்பியைக் கழற்றிவிட்டு லாக் நெம்பு இன்னும் கொஞ்சம் பின்னே போகிறதா என்று பாருங்கள். போனால் கம்பிதான் காரணம். கடைசியாக, கதவு இரண்டாம் கடிக்கே போகவில்லை, முதல் கடியில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. மூடிய கதவை வெளியே இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் விலகி நின்றால் இதுதான்.

மூன்றும் இல்லை, திறந்த கதவில் கடிக்க வைத்த நாக்கைக் கையால் பலமாக இழுத்தாலே வந்துவிடுகிறது என்றால் அப்போது சொல்லலாம், லாக் மோசம் என்று. உள்ளே பிடிக்கும் பல் சரியாக வெட்டப்படவில்லை, அல்லது அதைத் தள்ளும் ஸ்பிரிங் பலமில்லை. அரம் வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள்.

உள் கைப்பிடி வேலை செய்யவில்லை

உள் கைப்பிடி நேராக லாக்கோடு பேசுவதில்லை. நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது. கைப்பிடி இழுபட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கம்பி கழன்றிருக்கும். முனையைப் பிடிக்கும் கிளிப் பழசாகி உடைந்திருக்கும். புது லாக் மாட்டும்போது கிளிப்பையும் புதுசாகப் போடுங்கள், சில்லறைக் காசு. கிளிப் கிடைக்கவில்லை என்று கட்டுக்கம்பி சுற்றுவது பலர் வழக்கம். ஆட ஆட அது அறுந்து, கதவுக்குள் விழுந்து, கண்ணாடியைச் சுரண்டும்.

பாதி இழுபட்டு நின்றால் அளவுப் பிரச்சினை. கைப்பிடியின் உள் அமைப்பைக் கதவில் பிடிக்கும் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். லாக் ஓய்வு நிலையில், கைப்பிடி ஓய்வு நிலையில், கம்பி தளர்வாகவும் இல்லாமல் இழுப்பாகவும் இல்லாமல் இருக்கும் இடத்தில் இறுக்குங்கள். நகர்த்த இடமில்லை என்றால் கம்பியில் ஏற்கெனவே இருக்கும் வளைவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ நீளத்தைச் சரிசெய்யலாம். அதற்குப் பிறகு கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றுங்கள். வளைத்த கம்பி கண்ணாடியின் பாதையில் வந்திருக்கக் கூடும்.

சாவி திரும்புகிறது, பூட்டவில்லை

இது சின்ன விஷயம். சாவி நுழையும் சிலிண்டரின் பின்னால் உள்ள வால், லாக்கின் பூட்டும் நெம்பில் சரியான பக்கம் உட்காரவில்லை, அல்லது கழற்றி மாட்டும்போது தலைகீழாகப் போய்விட்டது. சாவி கரகரவென்று திரும்பினால் கிராஃபைட் தூள் ஊதுங்கள். எண்ணெய் விட்டால் இரண்டு மாதம் வழுக்கும், அப்புறம் நம் ஊர்ப் புழுதியோடு சேர்ந்து பசையாகிவிடும். புதுக் கைப்பிடி செட்டோடு புதுச் சாவி வந்திருந்தால், பழைய சிலிண்டரை எடுத்துப் புதுக் கைப்பிடியில் போட முடிகிறதா என்று பாருங்கள். சாவிக்கொத்து சின்னதாக இருப்பது நல்லது.

மூடிக்கொண்டது, உள்ளேயும் திறக்கவில்லை, வெளியேயும் திறக்கவில்லை

திறந்த கதவுச் சோதனையைத் தாண்டிக் குதித்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள். பதற வேண்டாம். கடப்பாரையைத் தொட வேண்டாம்.

முதல் முயற்சி: ஒருவர் வெளியே நின்று இடுப்பால் கதவை உள்பக்கமாக அழுத்தட்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை மெதுவாக, விடாமல் இழுக்கட்டும். ஸ்ட்ரைக்கர் இறுக்கமாக இருந்து நாக்கு சிக்கியிருந்தால் இந்த அழுத்தம் அதை விடுவித்துவிடும். பட்டனை அழுத்திக்கொண்டே கதவின் ஓரத்தை, லாக் இருக்கும் உயரத்தில், உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பதும் பலன் தரும்.

அது பலிக்கவில்லை என்றால் உள்ளிருந்து போக வேண்டும். டோர் பேட் மாட்டாமல் இருந்தால் பிழைத்தீர்கள். கதவின் உள்தகட்டுத் துளை வழியே நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டு லாக் நெம்பையே நேராகத் தள்ளலாம். எந்தத் திசையில் தள்ளுவது என்பதற்கு எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து அதன் லாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். டோர் பேட் மாட்டியாகிவிட்டது என்றால் முதலில் கண்ணாடி வைண்டரையும் உள் கைப்பிடியையும் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் கைப்பிடியின் அடிவளையத்தை உள்ளே அழுத்தினால் குறுக்கே போகும் சின்னப் பின் தெரியும், அதைத் தட்டி எடுக்க வேண்டும். சில வண்டிகளில் நடுவிலேயே ஸ்க்ரூ இருக்கும். பிறகு பேடின் ஓரத்தில் அகலமான தட்டைக் கருவியை நுழைத்து, கிளிப் கிளிப்பாக விடுவியுங்கள். மூடிய கதவில் எல்லாக் கிளிப்பும் கைக்கு எட்டாது. எட்டியவரை விடுவித்து, பேடை வளைத்துக் கை நுழைத்தால் போதும். பேட் கிழிந்தால் கிழியட்டும். அது அட்டைப் பலகையும் ரெக்சினும், வண்டி சீட் தைக்கும் டெய்லர் கடையில் புதுசு செய்து தருவார்கள். கதவுத் தகடு வளைந்தால் டிங்கரிங், புட்டி, பெயின்ட் என்று போய்க்கொண்டே இருக்கும்.

திறந்ததும் கதவை மறுபடி மூடிவிடாதீர்கள். திறந்த கதவுச் சோதனை, முதலிலிருந்து.

மழை வந்தால் மட்டும் இறுகுகிறது, அல்லது கடகடக்கிறது

கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பு. கீழ் ஓரத்துத் துளைகள் வழியே அது வெளியேற வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க அண்டர்கோட் பூச்சு அடித்தவர் அந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்திருப்பார். கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கதவை அசைத்தால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் லாக்கின் ஆயுள் குறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டுங்கள், பேட் ஊறி உப்பாமல் இருக்கும்.

கடகடப்புக்கு லாக்கை விடக் கம்பிதான் அதிகம் காரணம். கம்பி கதவுத் தகட்டில் தட்டும் இடத்தில் ஒரு துண்டு ஃபெல்ட்டோ பழைய சைக்கிள் டியூபோ சுற்றினால் அடங்கிவிடும். கிரீஸை நாக்கிலும் ஸ்ட்ரைக்கரிலும் மெலிதாகத் தடவுங்கள். அள்ளி அப்பினால் ஏறி இறங்குபவர்களின் வேட்டி, புடவையில்தான் போய்ச் சேரும்.

டோர் பேடை உடனே மாட்ட அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் பேட் இல்லாமலே ஓட்டுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வாரத்தில் புது லாக் தன் இடத்தில் படியும், ஸ்க்ரூக்கள் கொஞ்சம் தளரும். லாக் ஸ்க்ரூ, ஸ்ட்ரைக்கர் ஸ்க்ரூ, கீல் ஸ்க்ரூ மூன்றையும் மறுபடி இறுக்கி, ஸ்ட்ரைக்கர் பென்சில் கோட்டிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, நகரவில்லை என்றால் பேடை மாட்டுங்கள்.